ஏபி வகுப்பு எல்லாப் பிள்ளைகளுக்குமா? அமெரிக்க ஹைஸ்கூல் பெற்றோரும் மாணவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவில் 9 முதல் 12-ஆம் வகுப்பு வரை படிக்கும் மாணவர்கள் ஹைஸ்கூலில் இருக்கும்போதே கல்லூரித் தரப் பாடங்களை எடுக்கலாம். ஏபி (அட்வான்ஸ்ட் ப்ளேஸ்மென்ட்) அப்படிப்பட்ட ஒரு திட்டம். எல்லா மாணவர்களும் ஹைஸ்கூல் பட்டம் வாங்குவதற்குள் ஒன்றையாவது எடுக்கட்டும் என்று பல பள்ளி மாவட்டங்கள் இப்போது ஊக்கப்படுத்துகின்றன. அதையொட்டி எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறோம். எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஒரே பிள்ளை எட்டு ஏபி எடுப்பதைவிட, எட்டுப் பிள்ளைகள் ஆளுக்கு ஒன்று எடுத்து, தடுமாறும்போது உதவியும் பெறுவதுதான் ஒரு பள்ளிக்குப் பெருமை.

கல்லூரித் தரப் பாடம் என்றால் எவை?

பரவலாக இருப்பது ஏபி. 1950-களில் தொடங்கி, இன்று 40 அளவிலான பாடங்களில் நடக்கிறது. நடத்துவது காலேஜ் போர்டு என்ற லாப நோக்கற்ற அமைப்பு. வகுப்பு ஆண்டு முழுவதும் பள்ளியில் நடக்கும், பொதுத்தேர்வு மே மாதம் வரும், மதிப்பெண் 1 முதல் 5 வரை. 3 வந்தால் தேர்ச்சி என்று பொதுவாகக் கொள்வார்கள். இரண்டாவது ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலாரியேட்) என்ற சர்வதேசப் பாடத்திட்டம். அதில் ஒரு பாடத்துக்கு மதிப்பெண் 1 முதல் 7 வரை, முழு டிப்ளமாவுக்கு 45. மூன்றாவது டூயல் என்ரோல்மென்ட். இதில் மாணவர் கம்யூனிட்டி காலேஜ் (இரண்டாண்டு உள்ளூர்க் கல்லூரி) போன்ற ஒரு கல்லூரியில் பதிந்துகொண்டு அங்கத்திய பாடத்தையே படிப்பார். பெரும்பாலான பள்ளிகளில் இருப்பது ஏபி என்பதால் கீழே அதைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறோம்.

நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் மட்டும் எடுத்தால் போதாதா? எல்லோரையும் ஏன் இழுக்க வேண்டும்?

"நன்றாகப் படிக்கிற பிள்ளை" யார் என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள் என்று பாருங்கள். போன வருடத்து ஆசிரியரின் பரிந்துரை, போன வகுப்பில் ஏ கிரேடு, ஒரு நுழைவுக் கட்டுரை, கோடை விடுமுறைப் பாடவேலை, பெற்றோர் கையெழுத்து. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் தெரியும். ஐந்தும் சேர்ந்தால், வீட்டில் விவரம் தெரிந்த பெரியவர்கள் இருக்கிற பிள்ளைகள் மட்டுமே உள்ளே போகிறார்கள். திறமை இருந்தும் யாரும் கூப்பிடாததால் கேட்காமலே இருந்துவிடுகிற பிள்ளை வெளியே நிற்கிறது.

வாஷிங்டன் மாநிலம் இந்தச் சல்லடையைத் தலைகீழாகத் திருப்பியது. 2019-இல் வந்த சட்டப்படி, மாநிலத் தேர்வில் தேவையான தரத்தை எட்டிய ஹைஸ்கூல் மாணவரைப் பள்ளியே அடுத்த கடினமான வகுப்பில் சேர்த்துவிடும். வேண்டாம் என்றால் பெற்றோர் விலக்கிக்கொள்ளலாம். டெக்சாஸ் 2023-இல் இதை ஆறாம் வகுப்புக் கணக்குக்குக் கொண்டுவந்தது. ஐந்தாம் வகுப்பில் மேல் 40 சதவீதத்துக்குள் வந்த பிள்ளை தானாகவே மேல்நிலைக் கணக்கில் சேரும். இரண்டு இடத்திலும் கேட்டு வாங்க வேண்டிய சுமை பிள்ளையின் தலையிலிருந்து இறங்கிவிட்டது.

கிழக்கு லாஸ் ஏஞ்சலஸின் கார்ஃபீல்ட் ஹைஸ்கூலைப் பலரும் உதாரணம் காட்டுவார்கள். 1982-இல் கணக்கு ஆசிரியர் ஹைமே எஸ்கலான்டேவிடம் படித்த 18 மாணவர்கள் ஏபி கால்குலஸ் எழுதி 18 பேரும் தேறினார்கள். தேர்வை நடத்திய நிறுவனம் 14 பேரின் விடைத்தாள்களைச் சந்தேகித்தது. மறுபடி எழுதிய 12 பேரும் தேறினார்கள். ஏழை லத்தீனோ குடும்பத்துப் பிள்ளைகள் எழுதிய தாள்கள் அவை. இந்தக் கதையைச் சொல்பவர்கள் பாதியில் விட்டுவிடுகிற விஷயம் ஒன்று உண்டு. அது ஒரு வருடத்து வேலை இல்லை. கீழ் வகுப்புக் கணக்குகளைச் சீரமைத்து, பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் கோடை வகுப்புகள் நடத்தி, பல ஆண்டுகள் படிப்படியாகக் கட்டியது.

அப்படியானால் எல்லோரையும் கட்டாயப்படுத்தலாமா?

கூடாது. எல்லோருக்கும் அழைப்பு போக வேண்டும், எல்லோருக்கும் ஒரு பொருத்தமான பாடம் இருக்க வேண்டும், விலகும் வழியும் இருக்க வேண்டும். வாசிப்பில் பல வகுப்புகள் பின்தங்கிய பிள்ளையை ஏற்பாடு எதுவும் இல்லாமல் ஏபி வரலாற்றில் உட்காரவைத்தால், அக்டோபரில் அந்தப் பிள்ளை "எனக்குப் படிப்பு வராது" என்று முடிவு கட்டிவிடும். அதற்கு முந்தைய வருடமே வாசிப்புக்கு உதவி கொடுத்து, 11 அல்லது 12-இல் உட்காரவைப்பதுதான் சரி.

முதல் ஏபியாக எதை எடுப்பது?

பிள்ளைக்கு எதில் ஈடுபாடு இருக்கிறதோ அதில். "எது சுலபம்" என்று இணையத்தில் தேடி எடுத்த பாடம் பிடிக்காமல் போனால் அதைவிடக் கடினமான பாடம் வேறு இல்லை. ஆனாலும் நுழைவதற்குத் தோதான சில கதவுகள் உண்டு.

ஹ்யூமன் ஜியாக்ரஃபி பல பள்ளிகளில் 9-ஆம் வகுப்பிலேயே கிடைக்கிறது. முன்படிப்பு எதுவும் தேவையில்லை. வாசிப்பு அதிகம், ஆனால் அத்தியாயங்கள் சிறியவை.

கம்ப்யூட்டர் சயின்ஸ் பிரின்சிபிள்ஸ் எடுக்க அல்ஜீப்ரா 1 தெரிந்திருந்தால் போதும். மொத்த மதிப்பெண்ணில் 30 சதவீதம் மாணவர் வகுப்பில் குறைந்தது 9 மணி நேரம் ஒதுக்கிச் செய்யும் ப்ரோகிராமையும் அதையொட்டிய கேள்விகளையும் சார்ந்தது. எல்லாமே ஒரு நாள் தேர்வு என்றால் உறைந்துபோகிற பிள்ளைக்கு இது பெரிய ஆறுதல். கம்ப்யூட்டர் சயின்ஸ் ஏ என்பது வேறு பாடம், அது முழுக்க ஜாவா. பெயர் ஒன்றுபோல இருப்பதால் படிவத்தில் மாற்றிக் குறித்துவிடுகிறார்கள், கவனம்.

செமினார் என்ற பாடமும் நல்ல தொடக்கம். ஆய்வு, கட்டுரை, மேடைப் பேச்சு இவற்றுக்கே மதிப்பெண்ணில் 55 சதவீதம். ஓவியம், வடிவமைப்புப் பாடங்களுக்குத் தேர்வே கிடையாது, படைப்புகளின் தொகுப்பை அனுப்பினால் போதும்.

முதல் ஏபியாக வேண்டாம் என்று நாங்கள் சொல்வது, வேதியியல் ஒருமுறைகூடப் படிக்காமல் ஏபி கெமிஸ்ட்ரிக்குத் தாவுவதை. அங்கே மோல் கணக்கு முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டு பாடம் ஓடும்.

எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா எடுக்கவில்லை. கணக்கில் ஏபி இனி முடியாதா?

முடியும். கால்குலஸ் வரை போகும் வழக்கமான வரிசை 8-இல் அல்ஜீப்ரா 1, 9-இல் ஜியாமெட்ரி, 10-இல் அல்ஜீப்ரா 2, 11-இல் ப்ரீகால்குலஸ், 12-இல் கால்குலஸ். அல்ஜீப்ரா 1-ஐ 9-இல் தொடங்கியவருக்கு ஒரு வருடம் குறைகிறது. அவருக்கு மூன்று வழிகள் உண்டு. 10-இல் ஜியாமெட்ரியையும் அல்ஜீப்ரா 2-ஐயும் சேர்த்து எடுத்துவிடலாம். அல்லது 12-இல் ஏபி ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எடுக்கலாம், அதற்கு அல்ஜீப்ரா 2 போதும். மூன்றாவது, 2023-இல் வந்த ஏபி ப்ரீகால்குலஸ். எந்த வேகப்பாதையிலும் ஏறாத பிள்ளைகூட வழக்கமான வரிசையில் 12-இல் இங்கே வந்து நிற்கிறது. இந்தப் பாடம் வந்ததில் எங்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி.

பாடத்தேர்வுக்கு வழிகாட்டும் பள்ளிக் கவுன்சிலர் "உங்கள் பிள்ளைக்கு இது வேண்டாம்" என்கிறார். என்ன செய்வது?

முதலில் காரணத்தைக் கேளுங்கள். ஒரு கவுன்சிலருக்கு நூற்றுக்கணக்கான மாணவர்கள் இருப்பார்கள், உங்கள் பிள்ளையைப் பற்றி அவர் திரையில் பார்ப்பது சில கிரேடுகளை மட்டுமே. வரிசையாக இப்படிச் செய்யுங்கள்.

1. பள்ளியின் கோர்ஸ் கேட்டலாகில் அந்தப் பாடத்துக்கு எழுதியிருக்கும் நிபந்தனையைப் படியுங்கள். "பரிந்துரைக்கப்படுகிறது" என்றிருந்தால் அது கட்டாயம் இல்லை.
2. பிள்ளை பிஎஸ்ஏடி (கல்லூரி நுழைவுக்கான எஸ்ஏடிக்கு முன்னோட்டத் தேர்வு) எழுதியிருந்தால், ஏபி பொட்டென்ஷியல் என்ற கருவி அந்த மதிப்பெண்ணை வைத்து எந்தெந்த ஏபியில் தேற வாய்ப்பு இருக்கிறது என்று பள்ளிக்குக் காட்டும். அதில் பிள்ளையின் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள்.
3. அந்தப் பாடத்தை நடத்தும் ஆசிரியரைப் பிள்ளையே போய்ப் பார்க்கட்டும். முதல் யூனிட்டில் என்ன வரும், அதற்கு இப்போதே எதைச் சரிசெய்ய வேண்டும் என்று கேட்கட்டும்.
4. அப்படியும் மறுத்தால், பெற்றோர் பொறுப்பேற்றுக் கையெழுத்திடும் வெய்வர் படிவம் உண்டா என்று மின்னஞ்சலில் கேளுங்கள். பல பள்ளிகளில் உண்டு, ஆனால் தானாக எடுத்துத் தர மாட்டார்கள்.

இதையெல்லாம் பாடத்தேர்வு நடக்கும் ஜனவரி முதல் மார்ச் வரைக்குள் முடியுங்கள். எத்தனை வகுப்பு, எந்த ஆசிரியர் என்பதை எல்லாம் வசந்த காலத்தில் வந்த எண்ணிக்கையை வைத்தே பள்ளி முடிவு செய்துவிடும். ஆகஸ்டில் கேட்டால் இடம் இருக்காது.

சேர்ந்தபிறகு முதலில் எங்கே இடறுகிறார்கள்?

புதிதாக வருகிற பிள்ளைகள் பாடம் புரியாமல் விழுவதைவிட, எப்படி எழுத வேண்டும் என்று தெரியாமல் விழுவதுதான் அதிகம். ஏபி அமெரிக்க வரலாற்றில் ஏழு ஆவணங்களைக் கொடுத்து எழுதச் சொல்லும் கட்டுரையை எடுத்துக்கொள்வோம். நேரம் 60 நிமிடம், மொத்தம் 7 புள்ளிகள். மையக் கருத்துக்கு 1, பின்புலத்துக்கு 1, சான்றுகளுக்கு 3, பகுப்பாய்வுக்கு 2.

"1865 முதல் 1900 வரை ரயில்பாதைகள் அமெரிக்கப் பொருளாதாரத்தை எந்த அளவுக்கு மாற்றின?" என்று கேள்வி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பழக்கமில்லாத பிள்ளை "ரயில்பாதைகள் அமெரிக்கப் பொருளாதாரத்தைப் பெரிய அளவில் மாற்றின" என்று எழுதும். பிழையில்லாத வாக்கியம்தான், ஆனால் மையக் கருத்துக்கான புள்ளி வராது, ஏனென்றால் கேள்வியையே திருப்பிச் சொல்லியிருக்கிறது. "உள்நாட்டு விளைபொருள் தொலைதூரச் சந்தைகளுக்குப் போக ரயில்பாதைகள் வழிசெய்தன, ஆனால் சரக்குக் கட்டணத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் சில நிறுவனங்களிடம் சேர்ந்ததால் சிறு விவசாயிகள் கடனில் சிக்கினார்கள்" என்று எழுதினால் புள்ளி கிடைக்கும். நிரூபிக்க வேண்டிய ஒரு வாதமும் அதற்கான காரணமும் அதில் இருக்கின்றன. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே பீரியடில் கற்றுக்கொடுத்துவிடலாம். கற்றுக்கொடுக்காவிட்டால் பிள்ளை வருடம் முழுவதும் முதல் வாக்கியத்தையே எழுதிக்கொண்டிருக்கும்.

ஸ்டாட்டிஸ்டிக்ஸிலும் இதே கதைதான். கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டு "விடை 0.03" என்று நிறுத்திவிடுவார்கள். 0.03 என்பது 0.05-ஐவிடக் குறைவு, ஆகவே மருந்துக்குப் பலனே இல்லை என்ற இல்-கருதுகோளை நிராகரிக்கிறோம், கேள்வியில் சொன்ன மருந்து வேலை செய்கிறது என்பதற்கு இது போதிய சான்று என்று முழுதாக எழுதினால்தான் முழு மதிப்பெண்.

இன்னொரு இடறல் நேரம். ஒரு ஏபிக்கு வாரத்துக்கு 5 முதல் 7 மணி நேரம் வீட்டுப்பாடம் என்று கணக்கு வையுங்கள். ஞாயிறு இரவு மொத்தமாக உட்காருகிற பிள்ளை மூன்றாவது வாரத்திலேயே பின்தங்கிவிடும். தினமும் 50 நிமிடம் உட்காருகிற பிள்ளை தாங்கும். பாடத்தில் சந்தேகம் வந்தால், ஏபி கிளாஸ்ரூம் தளத்தில் ஒவ்வொரு தலைப்புக்கும் இலவசச் சிறு வீடியோ இருக்கிறது. ஆசிரியர் கொடுக்கும் சேர்க்கைக் குறியீட்டை (ஜாயின் கோட்) வைத்து உள்ளே போகலாம். பணம் கொடுத்து டியூஷன் வைப்பதற்கு முன் அதைப் பார்க்கட்டும்.

ஏபியில் பி வாங்குவதா, சாதா வகுப்பில் ஏ வாங்குவதா?

ஏபியில் பி. வெயிட்டட் ஜிபிஏ (கடினமான பாடத்துக்குக் கூடுதல் புள்ளி சேர்த்துப் போடும் கிரேடு சராசரி) பார்க்கும் பெரும்பாலான பள்ளிகளில் ஏபி கிரேடுக்கு ஒரு புள்ளி கூடும், ஆகவே பி என்பது 4.0 ஆகக் கணக்காகும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகங்களும் கூட்டுப்புள்ளி கொடுக்கின்றன, ஆனால் 10, 11-ஆம் வகுப்புகளில் மொத்தம் 8 செமஸ்டருக்கு மட்டும்தான், அதிலும் 10-ஆம் வகுப்புக்கு அதிகபட்சம் 4. அதற்கு மேல் எடுக்கும் ஏபிகள் அந்தக் கணக்கில் ஒரு புள்ளிகூடக் கூட்டாது. டி, எஃப் பக்கம் போகிறது என்றால் கதை வேறு. எந்தத் தேதிவரை விலகினால் டிரான்ஸ்கிரிப்டில் (அதிகாரபூர்வ கிரேடுப் பதிவில்) தடம் இருக்காது என்பதை வகுப்பு தொடங்கும் வாரத்திலேயே கேட்டுக் குறித்துவையுங்கள்.

தேர்வில் 1 அல்லது 2 வந்தால் வருடம் வீண்தானே?

வகுப்பு கிரேடு வேறு, தேர்வு மதிப்பெண் வேறு. மே மாதத் தேர்வின் மதிப்பெண் ஜூலையில் வரும், வகுப்பு கிரேடை அது தொடாது. நீங்கள் அனுப்பச் சொன்னால்தான் கல்லூரிக்குப் போகும், 2-ஐ அனுப்ப வேண்டிய அவசியம் இல்லை.

வீணா என்ற கேள்விக்கு நேர்மையான பதில் கொஞ்சம் சிக்கலானது. புதிதாக ஏபி அறிவியல் தொடங்கிய பள்ளிகளில் குலுக்கல் முறையில் மாணவர்களுக்கு இடம் கொடுத்து ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. வகுப்பில் சேர்ந்து படித்தவர்களின் அறிவியல் திறன் உயர்ந்ததற்கான அறிகுறி இருந்தது. கூடவே மன அழுத்தம் கூடியது, தன்னம்பிக்கை குறைந்தது. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். கடினமான வகுப்பில் முதல் முறையாக சி வாங்குகிற பிள்ளையிடம் "இது எல்லோருக்கும் நடக்கிறது, இன்ன இடத்தைச் சரிசெய்வோம்" என்று சொல்ல ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும்.

செலவு எவ்வளவு?

அரசுப் பள்ளியில் வகுப்புக்குக் கட்டணம் இல்லை. தேர்வுக்கு மே 2025-இல் அமெரிக்காவுக்குள் 99 டாலர். வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் காலேஜ் போர்டு 37 டாலர் குறைத்தது. சில மாநிலங்களும் மாவட்டங்களும் மீதியையும் தாங்களே கட்டுகின்றன. இலவச மதிய உணவுக்குத் தகுதியுள்ள குடும்பம் என்றால் ஏபி கோஆர்டினேட்டரிடம் அவசியம் கேளுங்கள். ஆண்டு முழுவதும் நடக்கும் வகுப்புக்கு நவம்பர் நடுவிலேயே தேர்வைப் பதிய வேண்டும். பிந்தினால் கூடுதலாக 40 டாலர், பதிந்துவிட்டு எழுதாமல் விட்டாலும் 40 டாலர்.

கல்லூரியில் க்ரெடிட் கிடைக்குமா?

க்ரெடிட் என்பது பட்டத்துக்குத் தேவையான பாடக் கணக்கில் சேர்வது. அது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். 30-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் அரசுக் கல்லூரிகள் 3-க்கே க்ரெடிட் கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இருக்கிறது. டெக்சாஸில் அது 2015 முதல் சட்டம். எதிர்முனையில் கால்டெக், டார்ட்மத் போன்ற இடங்கள் பட்டத்துக்கான க்ரெடிட் கொடுப்பதில்லை. இன்னொன்றையும் பாருங்கள். கிடைக்கும் க்ரெடிட் கட்டாயப் பாடத்தைக் கழிக்கிறதா, அல்லது வெறும் விருப்பப் பாடமாக ஒதுங்குகிறதா? பின்னதாக இருந்தால் செமஸ்டர் எதுவும் மிச்சமாகாது. மருத்துவம் படிக்க நினைப்பவர்கள் உயிரியல், வேதியியல் ஏபி க்ரெடிட்டை வைத்து அந்தப் பாடங்களைத் தாண்டிவிட வேண்டாம். பல மருத்துவக் கல்லூரிகள் கல்லூரியில் படித்த கிரேடையே பார்க்க விரும்புகின்றன.

டூயல் என்ரோல்மென்ட் இதைவிட நல்லதா?

ஒரே நாள் தேர்வில் சொதப்பும் பிள்ளைக்கு நல்லது, ஏனென்றால் செமஸ்டர் கிரேடே க்ரெடிட் ஆகிறது. மினசோட்டா 1985-லிருந்தே இதை நடத்துகிறது. வாஷிங்டனில் ரன்னிங் ஸ்டார்ட் என்ற பெயரில் நடக்கிறது. ஆனால் அங்கே வாங்கும் கிரேடு நிரந்தரக் கல்லூரி டிரான்ஸ்கிரிப்டில் ஏறிவிடும். 16 வயதில் வாங்கிய டி பின்னால் மேற்படிப்பு விண்ணப்பத்திலும் கூடவே வரும். அதே மாநிலத்து அரசுக் கல்லூரிக்குப் போகிறவருக்கு க்ரெடிட் சுலபமாக மாறும், தனியார் கல்லூரிக்கும் வெளிமாநிலத்துக்கும் உறுதி இல்லை.

எத்தனை எடுக்கலாம்? பக்கத்து வீட்டுப் பிள்ளை பதினொன்று எடுக்கிறதே!

நம் வீடுகளில் இந்தக் கேள்விதான் எல்லாவற்றையும் கெடுக்கிறது. எல்லோரும் எடுக்கட்டும் என்பதற்கு எல்லாவற்றையும் எடுக்கட்டும் என்று பொருள் இல்லை. 9-ஆம் வகுப்பில் ஒன்று அல்லது எதுவும் வேண்டாம், 10-இல் ஒன்று, 11, 12-இல் இரண்டோ மூன்றோ. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது நிறைவான பாதை. இரவில் ஏழு மணி நேரத் தூக்கம் தொடர்ந்து கிடைக்காமல் போகிறது என்றால் ஒன்றைக் குறையுங்கள். பிள்ளை அதைத் தானாகச் சொல்லாது, நீங்கள்தான் கவனிக்க வேண்டும்.

கற்றல் குறைபாடு இருக்கிறது, ஐஇபி (சிறப்புத் தேவையுள்ள மாணவருக்கான தனிக் கல்வித் திட்டம்) இருக்கிறது. ஏபி எடுக்கலாமா?

தாராளமாக. ஊனத்தைக் காரணம் காட்டி மறுக்கவோ, "ஏபி வேண்டுமென்றால் உதவிகளை விட்டுக்கொடு" என்று நிபந்தனை போடவோ பள்ளிக்கு உரிமை இல்லை. கூட்டாட்சிக் கல்வித் துறை 2007-லேயே இதை எழுத்தில் சொல்லிவிட்டது. நடைமுறையில் நழுவுகிற இடம் வேறு. பள்ளியில் கிடைக்கும் கூடுதல் நேரம் மே தேர்வுக்குத் தானாக வராது, காலேஜ் போர்டு தனியாக ஒப்புதல் தர வேண்டும். அதற்கு ஏழு வாரம்வரை ஆகலாம். இலையுதிர்காலத்திலேயே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

எல்லோரையும் சேர்த்தால் வகுப்பின் தரம் இறங்கிவிடாதா?

பள்ளி வெறும் எண்ணிக்கைக்காகச் சேர்த்தால் இறங்கும். 1998 முதல் பத்திரிகைகளில் வந்த ஒரு தரவரிசை, மொத்தம் எழுதப்பட்ட ஏபி, ஐபி தேர்வுகளைப் பட்டம் பெறும் மாணவர் எண்ணிக்கையால் வகுத்துப் பள்ளிகளை வரிசைப்படுத்தியது. தேறினார்களா என்று அது பார்க்கவில்லை. கதவைத் திறக்க அது உதவியது உண்மை, பிள்ளைகளை உட்காரவைத்துவிட்டுக் கைவிடவும் சில இடங்களில் அதுவே சாக்கானது.

தரம் இறங்காமல் இருக்கப் பள்ளி செய்ய வேண்டியவை செலவு பிடிக்கிற வேலைகள். முதல் முறை ஏபி நடத்தும் ஆசிரியருக்குக் கோடையில் பயிற்சி. புதிய மாணவர்களுக்கு ஆகஸ்டில் ஒன்றிரண்டு வாரம் முன்வகுப்பு, அதில் குறிப்பெடுப்பதும் மேலே காட்டியதுபோன்ற கட்டுரை எழுதுவதும். பள்ளி நேரத்துக்குள்ளேயே ஒரு துணைப் பீரியடு, ஏனென்றால் வேலைக்குப் போகிற பிள்ளையும் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்கிற பிள்ளையும் மாலை டியூஷனுக்கு வர முடியாது. ஒரே வகுப்பில் தெரிந்த முகங்கள் நான்கைந்தாவது இருக்கும்படி அட்டவணை போடுவது. 25 பேர் வகுப்பில் தனியாக உட்கார்ந்திருக்கிற பிள்ளைதான் முதலில் விலகும் படிவத்தைக் கேட்கும். உங்கள் பள்ளிக் கூட்டத்தில் "எத்தனை பேர் சேர்ந்தார்கள்" என்ற கணக்கைக் காட்டினால், அக்டோபரில் எத்தனை பேர் விலகினார்கள், ஏன் என்றும் கேளுங்கள்.

தமிழில் ஏபி உண்டா?

இல்லை. ஏபி மொழிகள் ஸ்பானிஷ், ஃப்ரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியன், சீனம், ஜப்பானியம், லத்தீன். ஆனால் இருமொழித் திறனுக்கான முத்திரையைப் பட்டத்துடன் பல மாநிலங்கள் வழங்குகின்றன. கலிஃபோர்னியா 2011-இல் இதைச் சட்டமாக்கித் தொடங்கிவைத்தது. பள்ளி ஏற்கும் தமிழ்த் தேர்வு எது என்று 11-ஆம் வகுப்பிலேயே கவுன்சிலரிடம் கேட்டுவிடுங்கள்.